மயில் சாயவில்லை

திருவண்ணாமலையில் மே மாதம் சாக்லேட் வேலை செய்ய நினைக்கிறவர்கள் முதலில் நல்ல ஏசியாக ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. இங்கே சாக்லேட்டில் பூ, பறவை, தேர் என்று எது செய்தாலும் கேக் மேல் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் தலை தொங்கிவிடும். என்னுடையது தொங்காது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், சார்.

என் பெயர் மதிவதனி. செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் பக்கம் கேக் கடை வைத்து ஒன்பது வருஷம் ஆகிறது. கேக் சுட எவராலும் முடியும். நாலு பக்கமும் சுற்றி வந்து பார்க்கிற மாதிரி அதன் மேல் ஓர் உருவத்தை நிறுத்துவதுதான் வேலை. பலூன் மேல் சாக்லேட்டை ஊற்றி உருட்டினால் உடல். பிளாஸ்டிக் தாளில் மெல்லிசாக இழுத்து, குழாய் மேல் வளைத்து ஆறவிட்டால் தோகை. ஒரு மயிலுக்கு மூன்று நாள் போய்விடும்.

வஜீதா என்னிடம் நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டு, வேங்கிக்காலில் தனியாகக் கடை போட்டவள். அவள் உருவங்களுக்குள் கம்பி வைப்பாள். வைத்ததை ஒளிக்கவும் மாட்டாள். கம்பியை உருவிவிட்டுச் சாப்பிடுங்கள் என்று வாயாலும் சொல்லி, பெட்டி மேலும் எழுதி ஒட்டுவாள். கம்பி இல்லாமல் இந்த ஊர் வெயிலில் எதுவும் நிற்காது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் வேறு சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வந்த கோபத்தில் கடை வாசலில் போர்டு வைத்தேன்: முழுக்க முழுக்க சாக்லேட், கம்பி கிடையாது.

அவள் சொன்னது சரிதான். அதற்காக அவளிடம் போய் ஒப்புக்கொள்ள முடியுமா?

நானும் வைத்தேன். ஒவ்வொரு தோகையும் உடலில் சேருகிற இடத்தில் ஓர் அங்குலம், தையல் ஊசிக் கனத்தில், எஃகுக் கம்பி. மேலே சாக்லேட்டைப் பூசிவிட்டால் தெரியாது. அதை வெளியே எடுக்க ஒரு வழியும் வைத்திருந்தேன். விசேஷ வீட்டுக்கு நானே கேக்கைக் கொண்டுபோவேன். போட்டோ முடிந்ததும், இளகிவிடும் என்று சொல்லி உருவத்தை மட்டும் சமையலறைக்குத் தூக்கிப் போவேன். கம்பிகளை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, துண்டுகளைத் தட்டில் அழகாக அடுக்கிக் கொண்டுவருவேன். இப்படிப் பதினோரு வீடு. ஒருவர் வாயிலும் ஒரு கீறல் கிடையாது. கவனமில்லாதவள் என்று என்னை யாரும் சொல்லக் கூடாது.

பன்னிரண்டாவது எழிலரசியின் வீடு. வேங்கிக்காலில் புது வீடு. மகன் இளஞ்செழியனுக்கு நாலாவது பிறந்தநாள். மயில் கேட்டது அவன்தான். முதல் நாள் கடைக்கு வந்து, நான் மயிலுக்குக் கண் வைக்கிறதைக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு முழுசாகப் பார்த்துவிட்டுப் போனான். நல்ல பிள்ளை. அவன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

கேக்கை வைத்துக் கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது. கால் மணி நேரம் ஏசி இல்லை. மயிலுக்கு லேசாக வேர்த்தது, ஆனால் ஒன்பது தோகையும் விரித்தபடியே நின்றது. வஜீதா பக்கத்து வீடு, அவளும் வந்திருந்தாள். மயிலைச் சுற்றி வந்து, குனிந்து தோகைக்கடியில் கம்பி தெரிகிறதா என்று தேடினாள், அகப்படவில்லை. எனக்கு வயிறு குளிர்ந்தது.

மெழுகுவத்தி அணைந்ததும் நான் போய்த் தூக்குவதற்குள் எழிலரசி ஒரு தோகையை ஒடித்துவிட்டாள். உச்சியில் இருப்பது பிறந்தநாள் பிள்ளைக்கு என்று வீட்டுக்கு வீடு ஒரு வழக்கம் இருக்கிறதே. தோகை, கம்பி இருக்கிற அடிக்கட்டியோடு பெயர்ந்து வந்தது. பிள்ளை வாயருகே கொண்டுபோனவள் ஏனோ நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"அக்கா, உள்ள கம்பி கிம்பி எதுனா இருக்குதா? அப்படியே குடுக்கலாம்ல?"

வஜீதா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாராளமா குடுங்க," என்றேன். "எல்லாம் சாக்லேட்டுதான்."

அவன் கட்டியைத்தான் முதலில் வாயில் போட்டான். கடித்தான், ஒருதரம் முகத்தைச் சுளித்தான், விழுங்கினான். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். பிறகு மயிலை உள்ளே எடுத்துப்போய் மீதி எட்டுக் கம்பியையும் உருவினேன். அங்கே வந்திருந்த வேறு எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லையே, அது யாரால்?

மூன்றாம் நாள்தான் அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குடல் கிழிந்திருந்ததாம். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னாராம். எழிலரசி என்னை என்ன வேண்டுமானாலும் ஏசட்டும். அத்தனை பேர் நடுவில், வஜீதாவையும் வைத்துக்கொண்டு கேட்டது அவள் தப்பு. தனியாகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் பொய்க்காரி இல்லை.

அந்த போன் விஷயம் கேட்டீர்களே. ஆமாம், விசேஷத்துக்கு மறுநாள் காலை எழிலரசி கூப்பிட்டாள். பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறான், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறோம், என்ன சாப்பிட்டான் என்று கேட்பார்கள், மயிலுக்குள் ஏதாவது இருந்ததா என்று அழுதாள். கடையில் அப்போது என்னைத் தவிர ஒருவரும் இல்லை. ஷட்டரைக்கூடத் தூக்கவில்லை.

"சூடு புடிச்சிருக்கும்ங்க," என்றேன். "ஓமத்தண்ணி குடுங்க, சரியாப் பூடும். இதுக்குப் போயி எதுக்கு ஆஸ்பத்திரி?"