ஓரத்துல மட்டும் பனி

...படம் நடுவுல பளிச்சுனு இருக்குது, ஓரத்துல மட்டும் பனி! வெயில் மண்டைய பொளக்குது, செஞ்சியில ஏது சார் பனி? வாங்க, வாங்க. அந்த ஸ்டூல்ல உக்காருங்க. பாஸ்போர்ட் சைசுதானே? நீங்க சொல்லவே வேணாம். கோடு போட்ட சட்டைய இன் பண்ணிகினு, தோள்ல பையோட ஸ்டுடியோவுக்கு வர்றவங்க வேற எதுக்கு வருவாங்க? மொகவாய தூக்குங்க. பேசாதீங்க, ஒதடு அசைஞ்சிடும்.

மொதல்ல இந்த லென்சுல ஒண்ணு எடுத்துப் பாத்துக்கறேன். மூக்கு பெருசா வரும், பயந்துடாதீங்க. இது வைடு, இருவது எம்எம், அகலமா புடிக்கும். கிட்டப் போனா முன்னால இருக்கறதெல்லாம் ஊதிக்கும். உங்க படத்த அப்பறம் வேற லென்சுல ஒழுங்கா எடுத்துத் தர்றேன். இத பாண்டியில ரசூல் பாய் கடையிலேர்ந்து ட்ரையலுக்கு வாங்கியாந்தேன். புடிச்சா வச்சுக்க, புடிக்கலன்னா திருப்பிக் குடுன்னாரு. நல்ல மனுசன்னு நெனச்சேன். நெனச்சேன்!

எனக்கு எதுக்கு வைடுன்னு கேளுங்க. வேணாம், அசையாதீங்க, நானே சொல்றேன். நாளைக்கி அவலூர்பேட்டையில கல்யாணம். மண்டபமா அது, தீப்பெட்டி! போன தடவ அங்க பொண்ணு வீட்டு ஆளுங்கள ஒரே படத்துல அடைக்கணும்னு பின்னாலயே போனேன், பின்னாலயே போனேன்... ரசம் அண்டாவுல போய் உக்காந்துட்டேன். சிரிக்காதீங்க சார். ஆறிப்போன ரசம், பொழச்சேன். ஆனா படத்துல தாய்மாமன் பாதிதான் வந்தாரு. சீர் தட்டு புடிச்ச கை வெளிய போயிடுச்சி! பாதி தாய்மாமன வச்சிகினு இன்னா பண்றது? மனுசன் ஆல்பத்த பாத்தாரு, மூடுனாரு, என் கையிலயே குடுத்துட்டாரு. நாளைக்கி அவரு தங்கச்சியோட ரெண்டாவது பொண்ணு கல்யாணம். "இளையபெருமாளு, இந்த தடவ நான் முழுசா இருக்கணும். இல்லன்னா இந்த ஊருப் பக்கமே வராத"ன்னுட்டாரு.

லென்சு வந்த அன்னைக்கி எனக்குக் காலு தரையில நிக்கல. ரோட்டுல நின்னு ஒரே படத்துல ராஜகிரியும் கிருஷ்ணகிரியும். ரெண்டு மலையும் சார்! கோட்ட களஞ்சியத்துல கும்மிருட்டு, ஃப்ளாஷே இல்ல, லென்சு வாய ஒன் பாயிண்ட் எய்ட்ல அகலமா தொறந்து வுட்டேன், வவ்வாலு மொகம் தெரியுது. மொறைக்குது என்னய! கேமரா மிர்ரர்லெஸ் வேற, ஃபுல் ஃப்ரேமு, சத்தமே வராது. எடுத்தது அதுக்கே தெரியாது. டீக்கடையில அத்தன பேரும் வாய பொளந்துட்டாங்க. கடைக்கார வசந்தாக்கா வேற, "இன்னாடா இது, சொம்பு கணக்கா இருக்குது"ன்னுச்சி. எவ்ளோ கண்ணு! நேரா வீட்டுக்கு வந்தேன். மங்கை, என் வீட்டுக்காரி, அவ மை டப்பிய எடுத்து லென்சுக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு வச்சேன். "கொழந்தைக்கி வைப்பாங்க, இதுக்குமா?"ன்னா. இதுவும் கொழந்ததாண்டின்னேன்.

அடுத்த நாளு புடிச்சுது பனி. செவுத்த எடுத்துப் பாத்தாதான் ஓரம் எப்பிடின்னு தெரியும்னு ஒருத்தன் வீடியோவுல சொன்னான். கோட்ட மதில போய் எடுத்தேன். வாட்ச்மேன் நெடுமாறன், "ஊரே மலைய எடுக்குது, நீ இன்னாய்யா செவுத்துக்குப் பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி நிக்கற"ன்றான். நடுக்கல்லு ஒவ்வொண்ணும் எண்ணலாம் சார். எடது ஓரம் மட்டும் பொகை. லென்சு வாய தொறந்து வச்சாலும் பொகை, சின்னதாக்குனாலும் பொகை. நாளைக்கி அங்க தாய்மாமன் நின்னா? போன தடவ பாதி, இந்த தடவ ஆவி!

காலையில ரசூல் பாய புடிச்சேன் பாருங்க போன்ல! "எவனோ கீழ போட்டத என் தலையில கட்டிட்டீங்க, இப்பவே ஆள அனுப்பி எடுத்துக்குங்க"ன்னேன். "சரி தம்பி"ன்னு வச்சிட்டாரு. குத்தம் உள்ளவன்தான் சார் அப்பிடி வைப்பான். நாளைக்கி எதுல எடுக்கப்போறேன்னு எனக்கே தெரியல, ஆனா ரோசம்னு ஒண்ணு இருக்குது இல்ல?

எடுத்துட்டேன். இங்க பாருங்க. மூக்க வுடுங்க, ஓரத்த பாருங்க. பனி! இன்னா கைய நீட்டறீங்க? அசையாதீங்கன்னேனே... எங்க? லென்சுலயா? கண்ணாடியிலயா?

...மை.

இல்ல சார், நான் வெளி வளையத்துலதான் வச்சேன். கருப்பு வளையம், கருப்பு மை, வச்சதே தெரியல. அதான் இன்னும் கொஞ்சம் எடுத்து... வெரலால அழுத்தி... அப்பறம் துண்டால ஒரு தொடை... அய்யய்யோ.

இருங்க, அந்தத் துணிய குடுங்க. ஊஃப்... ஊஃப்... உக்காருங்க, உக்காருங்க, எடுத்துட்டேன். அட! அட அட அட! பின்னால தொங்குற துணியில நூலு நூலா தெரியுது சார், ஓரம் வரைக்கும்! தாய்மாமன் ரெண்டு கையோட, சீர் தட்டோட! ஓரத்துல நின்னா கொஞ்சம் அகலமாவாரு. ஆவட்டும், போன தடவ போன பாதியும் சேந்து வந்துதுன்னு வச்சிக்குவாரு!

இருங்க, பாய்க்கு மொதல்ல சொல்லிடறேன்... அலோ பாய்! நாந்தான். லென்சு தங்கம் பாய், தங்கம்! ஆள அனுப்பாதீங்க... இன்னாது? கெளம்பிட்டாரா? செஞ்சி வந்து எறங்கிட்டேன்னு போன் பண்ணாரா... எப்பிடி இருப்பாரு? கோடு போட்ட... தோள்ல...

சார்.

பாஸ்போர்ட் சைசு இல்லியா? உள்ள வந்தப்பவே சொல்றதுக்கு இன்னா சார்? ...ஆமா. நாந்தான் வுடல.

பைய தொறக்காதீங்க சார். டீ சொல்றேன். பாதாம் பாலு? அந்த மூக்குப் படத்த இப்பவே அழிச்சிடறேன். பாருங்க, நானே ஸ்டூல்ல உக்காந்துட்டேன். மொகவாய தூக்கிட்டேன், அசையல. நீங்க பேசுங்க, எவ்ளோ வேணா பேசுங்க.

சார்... அந்த லென்சு மூடிய மட்டும் போட்டுடாதீங்க.