பனிச்சாலையில் எடுத்த மின்சாரம்

என் பெயர் தூர்கெய்ர் லூவோஸ். வயது 57. நார்வே நாட்டில், மலைக்கு மேற்கே உள்ள ஊரில், தேவாலயத் தெருவில் வசிக்கிறேன். நகர நூலகத்தில் வேலை. ஐவின் ஸ்கார் என்பவருடைய காரிலிருந்து அனுமதியில்லாமல் மின்சாரம் எடுத்ததாக என்மேல் புகார். எடுத்தது உண்மை. நடந்ததை விசாரணையில் கீழ்க்கண்டவாறு சொல்கிறேன்.

என்னுடையது ஒருவர் உட்காரும் மூடிபோட்ட பக்கப்பெட்டி வைத்த பழைய மோட்டார் சைக்கிள். எனக்கும் என் மனைவி இங்கெபோருக்கும் மின்சாரத்தில் சூடேறும் கோட்டும் கையுறையும் உண்டு. அவற்றின் ஒயரை வண்டி பேட்டரியில் சொருகிக் கழற்றும்படி நானே இணைத்திருந்தேன். வேகமாகப் போனால் வண்டி இருவருக்கும் போதிய மின்சாரம் தரும். மெதுவாகப் போனால் ஒருவருக்குத் தருவதே கஷ்டம். என் மனைவி தேவாலயத்தில் ஆர்கன் என்ற இசைக்கருவி வாசிப்பவர், அவருக்கு விரல்கள் முக்கியம் என்பதால், பற்றாக்குறை வந்தால் முதலில் என் உடுப்பை அணைப்பது என்று எங்களுக்குள் ஏற்பாடு.

சம்பவத்தன்று மலைச்சாலை தடுப்பில், பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் வரிசையாகத்தான் போகலாம் என்றார்கள். தடுப்பில் நின்றவர் பக்கப்பெட்டியைப் பார்த்து, "உள்ள யாரு, பொணமா?" என்றார். "என் பொண்டாட்டி" என்றேன். "அப்ப அந்தப் பக்கமும் உயிரோட இறக்கி விடுங்க" என்றார். எல்லா விளக்கும் எரிய வேண்டும், யாரும் திரும்பக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

அதன் பிறகு ஊர்ந்தே போனோம். சின்ன கியரில் இன்ஜினை அலறவிட்டு மின்சாரத்தைக் காப்பாற்றினேன். பேட்டரி விளக்கு மஞ்சளானதும் என் உடுப்பை அணைத்தேன். அதன் பிறகு முன்னால் ஏதோ லாரி சிக்கி வரிசை நின்றது. நான் இன்ஜினை அலறவிட்டபடியே நின்றேன். பின்னால் மின்சாரக் காரில் வந்த ஐவின் ஸ்கார் இறங்கி வந்தார்.

"ஏங்க, புகை பூரா என் வண்டிக்குள்ள வருது. நிக்கும்போது இன்ஜின அணைக்கணும்னு தெரியாதா?"

"அணைச்சா இவங்க கை விறைச்சிடும்."

"சட்டம் இருக்குல்ல?"

எங்கள் நாட்டில் ஒருவர் சட்டத்தை நினைவூட்டினால் மற்றவர் வெட்கப்படுவது வழக்கம். நான் வெட்கப்பட்டு அணைத்தேன். மனைவியின் கையுறையையும் எச்சரிக்கை விளக்கையும் அணைக்கவில்லை. வரிசை நகர்ந்தபோது பேட்டரி தீர்ந்திருந்தது. அது உதைத்துக் கிளப்ப முடியாத வண்டி. அந்தப் பனியில் தள்ளவும் முடியவில்லை. எங்களுக்குப் பின்னால் இருந்தவர்களும் நின்றார்கள்.

இங்கெபோர் பெட்டியின் மூடியைத் தட்டினார். திறந்ததும், "சுண்டுவிரல் என்னுதா, வேற யாருதான்னே தெரியல" என்றார். அவரை ஐவின் ஸ்காரின் காருக்கு அழைத்துப் போனேன். ஸ்கார் தாராளமாகக் கதவைத் திறந்தார். உள்ளே அவரே கம்பளி போர்த்தித்தான் உட்கார்ந்திருந்தார். ஹீட்டர் ஓடவில்லை. "சார்ஜ் பதினோரு சதவீதம்தான். சூடு போட்டா மலையத் தாண்ட மாட்டோம்" என்றார்.

அதன் பிறகு ஸ்கார், உதவி கிடைக்குமா என்று விசாரிக்க முன்னால் நடந்து போனார். காரில் சிகரெட் பற்றவைக்கும் துளையைக் கண்டேன். கையுறையின் ஒயர் அதில் பொருந்தியது. சொருகினேன். கொஞ்ச நேரத்தில் இங்கெபோர் ஒரு விரலை அசைத்தார். ஐவின் ஸ்கார் திரும்பி வந்து திரையைப் பார்த்தார்.

"பதினொண்ணு பத்தாயிடுச்சு! யாரக் கேட்டு சொருகினீங்க?"

"கையுறை அவ்வளவு இழுக்காதுங்க. குளிர்ல உங்க வண்டியே சார்ஜத் தின்னுடும்."

"அத வண்டிகிட்ட சொல்லுங்க. அதுக்குப் புரிஞ்சா எனக்கும் புரியும்."

ஒயரைப் பிடுங்கினார். கார் அவருடையது என்பதால் நான் மறுபடி சொருகவில்லை. கையுறை ஆறுவதை மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு பனி தள்ளும் வண்டி ஓட்டுநர் திரும்பி வந்து, என்னைத் திட்டிவிட்டு, இங்கெபோரைத் தன் கேபினில் ஏற்றிக்கொண்டார். அங்கே டீசல் சூடு யாருக்கும் குறையாமல் வந்துகொண்டிருந்தது. மருத்துவர் வலக்கையில் இரண்டு விரல்களைப் பற்றி இப்போது எதுவும் சொல்வதற்கில்லை என்கிறார். ஈஸ்டர் பண்டிகைக்கு ஆர்கன் வாசிக்க வேறு ஆள் பார்க்கத் தேவாலயத்தில் சொல்லிவிட்டோம்.

ஆஸ்பத்திரியில் இங்கெபோர், "அவரு சொன்னாருன்னு அணைச்ச. நான் போடுன்னு சொல்லியிருந்தா போட்டிருப்பியா?" என்று கேட்டார். புகாரில் அது கேட்கப்படவில்லை.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை.

(ஒப்பம்) தூர்கெய்ர் லூவோஸ்

சாட்சி: இங்கெபோர் லூவோஸ். இடக்கையால் எழுதியது.