தகட்டின் மேல் எழுதிய கணக்கு

மாலைப் பள்ளியைத் தாங்கி நிற்கும் தலைவர் அவர்களே! கணக்கைக் கண்டு நடுங்கியவர்களைக் கைபிடித்துக் கரைசேர்த்த டீச்சரம்மா அவர்களே! பட்டறைப் பெரியவர்களே! மடியில் பிள்ளையும் கையில் புத்தகமுமாகப் படித்துவரும் தாய்மார்களே! இந்த இரும்புப் பட்டறைக்காரனின் இருகரம் கூப்பிய வணக்கம்.

பத்தாம் வகுப்பில் தேறிய எங்கள் வெல்டருக்கு இன்று பாராட்டு விழா. பட்டறையில் அவர் பெயர் பொறியக்கா. வயது நாற்பத்திரண்டு. பகலெல்லாம் தகட்டோடும் தணலோடும் போராட்டம். மாலையெல்லாம் எண்ணோடும் எழுத்தோடும் போராட்டம்! அந்தப் போராட்டத்தில் நான் அவர் பக்கம் நின்றேனா? இல்லை! அதைச் சொல்லத்தான் மேடை ஏறினேன்.

சென்ற ஆண்டு ஒரு மருத்துவமனை, போர்வைகளை அலச ஒரு தொட்டி கேட்டது. பத்தடி நீளம், எட்டடி அகலத்தில் ஒரே ஒரு எவர்சில்வர் தகட்டையும் அனுப்பியது. நான்கு மூலையிலும் ஒரே அளவில் சதுரம் வெட்டி, ஓரங்களை மடித்து நிமிர்த்த வேண்டும். அடிப்பரப்பு நாற்பத்தெட்டு சதுர அடி இருக்க வேண்டும். எவ்வளவு வெட்டுவது?

முப்பது ஆண்டு அனுபவம் அல்லவா எனக்கு? கண்ணாலேயே அளந்தேன். "ஒன்றரை அடி வெட்டு" என்றேன்.

"இருங்கண்ணே, கணக்குப் போட்டுப் பாத்துக்கிறேன்." சாக்பீஸை எடுத்துத் தகட்டின் மேலேயே எழுதத் தொடங்கினார்.

"நாலெழுத்து படிச்சதும் எனக்கே பாடம் எடுக்குறியா? வெட்டுறதுன்னா வெட்டு, இல்லேன்னா வீட்டுக்குப் போ!" பத்துப் பேர் முன்னால் கத்தினேன்.

அவர் கண் கலங்கியது, கால் நகரவில்லை. "தப்பா வெட்டிட்டா வேற தகடு இல்லண்ணே. அஞ்சு நிமிஷம் குடுங்க. அப்புறம் போகச் சொன்னாப் போயிடுறேன்."

வெட்டும் அளவுக்கு எக்ஸ் என்று பெயர் வைத்தார். நீளத்தில் இரண்டு எக்ஸ் போகும், அகலத்திலும் இரண்டு எக்ஸ் போகும். மிஞ்சியவற்றைப் பெருக்கி நாற்பத்தெட்டுக்குச் சமமாக்கினார். எல்லாவற்றையும் ஒரே பக்கம் சேர்த்து, நான்கால் வகுத்தார். வந்து நின்றது: எக்ஸ் வர்க்கம், கழித்தல் ஒன்பது எக்ஸ், கூட்டல் எட்டு, சமம் பூஜ்யம்!

"பெருக்கினா எட்டு, கூட்டினா ஒம்போது. எந்த ரெண்டு எண்ணு?" அவரே கேட்டார், அவரே சொன்னார்: "ஒண்ணும் எட்டும்!"

பிரிந்தன காரணிகள்! எக்ஸ் கழித்தல் ஒன்று. எக்ஸ் கழித்தல் எட்டு. இரண்டையும் பெருக்கினால் பூஜ்யம் என்றால், இரண்டில் ஒன்று பூஜ்யமாகத்தானே இருக்க வேண்டும்? ஆகவே வெட்டு ஓரடி; அல்லது எட்டடி!

"எட்டடி அகலத் தகட்டுல நாலு மூலையிலயும் எட்டடி வெட்டினா, தொட்டி எங்கண்ணே இருக்கும்?" பட்டறையே சிரித்தது. ஆகவே ஓரடிதான். அடிப்பகுதி எட்டுக்கு ஆறு, நாற்பத்தெட்டு!

முன்வரிசையில் இருக்கும் அம்மா, என்ன சொல்கிறீர்கள்? "ஓரடின்னு சும்மாவே சொல்லியிருக்கலாமே" என்கிறீர்களா? சும்மா சொன்னதுதானம்மா என் ஒன்றரை அடி! அதன்படி வெட்டியிருந்தால் ஏழுக்கு ஐந்து; முப்பத்தைந்துதான். தகடும் பாழ், தொட்டியும் பாழ், என் பெயரும் பாழ்!

அன்று நான் சொன்னது என்ன? "சரி, வெட்டு." அவ்வளவுதான்! பத்துப் பேர் முன்னால் திட்டியவன், தனியே மன்னிப்புக் கேட்டால் தகுமா? இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன். தங்கச்சி, தப்பு என்னோடதும்மா. மன்னிச்சிரு.

வேலையே போனாலும் விடை தெரியாமல் வெட்டமாட்டேன் என்று நின்றாரே, அது துணிவு! கத்தியவனுக்குக் கத்தலால் அல்ல, கணக்கால் பதில் சொன்னாரே, அது கல்வி! அந்தக் கல்வி எனக்கும் வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் இன்று காலை இதே பள்ளியில் என் பெயரையும் பதிந்துவிட்டேன். வேண்டாம், இப்போதே கைதட்டாதீர்கள். தேறிய பிறகு தட்டுங்கள்!

பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. வகுப்பில் சந்திப்போம், வணக்கம்!