வேட்டியில் கட்டிய தயிர்

தச்சநல்லூரில் டவுன் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். மூத்தவள்தான் ஆரம்பித்தாள்.

"நேத்து எங்க வீட்டுக்காரரு வேட்டியில தயிரைக் கட்டித் தொங்கவிட்டாருட்டி."

"எதுக்குக்கா?"

"எனக்குச் சுகர்லா, ஐஸ்கிரீம் கூடாது. அவரு என் முன்னாடியே தின்னாரு. அந்தச் சண்டையில ஒரு வாரமா பேச்சில்ல. நேத்து அவராவே தண்ணி வடிச்ச தயிர்ல கொய்யாப்பழத்தை மசிச்சு, சீனி போடாம ஃப்ரீசர்ல வச்சாரு."

"அண்ணாச்சியா! மிஷின் இல்லாம ஐஸ்கிரீம் வருமாக்கா?"

"வரும். நடுவுல எடுத்து எடுத்துக் கிண்டணும். இவரு வச்சிட்டு உறங்கிட்டாரு. கரண்டியே வளைஞ்சு போச்சு."

இளையவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அப்பவும் பேசலியாக்கா?"

"பேசாம எப்படிட்டி? கல்லு மாதிரி இருக்குன்னு சொல்லணும்லா!"