பந்தி மண்டபத்தில் கிளித்தட்டு

ஓடுகிறேன். தண்ணீர் முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. திங்கட்கிழமை. காலை ஏழு பத்து. மழை முகத்தில் குத்துகிறது. இடுப்பில் என் மகள் இனியா. ஆறு வயது. மறு கையில் அடையாள அட்டைகளும் ஆஸ்பத்திரிச் சீட்டுகளும் போட்ட பிளாஸ்டிக் பை. கொள்ளிடம் எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. ஆற்றுச் சத்தம் மாதிரி இல்லை. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற சத்தம். நிற்கவே இல்லை.

ஆட்டோவில் மைக் கட்டிக் கத்துகிறார்கள். "கரையோரத்துல இருக்கறவங்க உடனே கிளம்புங்க! சாமான எடுக்காதீங்க! கிளம்புங்க!"

பின்னால் செல்வி வருகிறாள். பக்கத்து வீடு. காந்தி மார்க்கெட் வாழைக்காய் மண்டியில் தார் இறக்குகிறவள். தோளில் அரைமூட்டை அரிசி. மகள் ஹரிணி அவள் சேலையைப் பிடித்திருக்கிறாள். எட்டு வயது. அவள் கொல்லையில் கட்டிய இரண்டு ஆடுகளும் கத்துகின்றன. அவிழ்த்துவிட நேரமில்லை. செல்வி நின்று திரும்புகிறாள்.

"திரும்பாதை! முன்னால பார்! ஓடு!"

கத்தியது நான்தான். ஆனால் அது என் அம்மாவின் குரல். பதினைந்து வருடம் திருச்சியில் பேசிப் பழகிய தமிழ் எங்கே போனதென்று தெரியவில்லை.

என் பெயர் சுகிர்தா. இலங்கையின் வன்னியில் பிறந்தவள். சண்டையின் கடைசி மாதங்களில் எனக்குப் பன்னிரண்டு வயது. பிறகு படகு. பிறகு திருச்சி முகாம். கல்யாணத்துக்குப் பின் ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரையோரம் வாடகை வீடு. துணிக்கடையில் வேலை. கணவர் பெயிண்டர். அந்தத் திங்கட்கிழமை அவர் மணப்பாறையில் ஒரு வீட்டுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். அவர் வருவதற்குள் வழியை அடைத்துவிட்டார்கள்.

எங்களை ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தெருவிலிருந்து ஏழு படி உயரம். கீழே கல்யாண ஹால். மாடியில் பந்தி மண்டபம். முப்பத்தெட்டுக் குடும்பம். எல்லோரும் கீழே ஹாலில். மூட்டை முடிச்செல்லாம் மாடியில். குழந்தைகளை எண்ணினேன். யாரும் எண்ணச் சொல்லவில்லை. என்னால் எண்ணாமல் இருக்க முடியாது. இருபத்து மூன்று.

பத்து மணிக்குக் கரண்ட் போனது. பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் இரண்டாம் படியைத் தொட்டது. மழை விடவில்லை. வாசல் தகரக் கூரையில் ஒரே சீராக அடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

முதல் நாள் குழந்தைகள் சத்தமே போடவில்லை. ஒவ்வொரு போனையும் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். பெரியவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். சாயங்காலத்துக்குள் போன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

செவ்வாய். காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. ஒருவன் இன்னொருவன் கையைக் கடித்தான். ஒரு சிறுமி காரணமில்லாமல் அரை மணி நேரம் அழுதாள். பாயை விட்டு எழுந்தால் அடுத்தவர் பாய். அதைத் தாண்டினால் யாரோ ஒருவருடைய கால். "உக்காரு. அசையாம உக்காரு." எல்லாத் தாய்மாரும் அதையேதான் சொன்னார்கள். நானும் சொன்னேன். இனியா உட்கார்ந்தபடியே குதிகாலால் தரையை உதைத்தாள். டொக். டொக். டொக்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எழுந்து சுவரோரம் போய் நின்றேன்.

பிற்பகல் இரண்டரை. எண்ணினேன். இருபத்திரண்டு. மறுபடி எண்ணினேன். இருபத்திரண்டு.

"ஹரிணி எங்க?" என்றேன். செல்வி தூங்கிக்கொண்டிருந்தாள். உலுக்கி எழுப்பினேன். "ஹரிணி எங்க?"

வாசலுக்கு ஓடினேன். தண்ணீர் மூன்றாம் படியில். கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஹரிணி நின்றாள். இடுப்பளவு தண்ணீர். கேட்டுக்கு வெளியே தெரு இல்லை. பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி சுழன்றபடி போனது.

"பிடி! விடாதை! கம்பியை விடாதை!"

இறங்கினேன். தண்ணீர் காலை வாரியது. அவள் முடியைத்தான் முதலில் பிடித்தேன். பிறகு கை. படியில் ஏற்றிப் போட்டேன். செல்வி ஓடி வந்து முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அடித்த கையோடு கட்டிக்கொண்டாள்.

"எதுக்குடி போன? எதுக்குடி?"

ஹரிணியின் பற்கள் தந்தியடித்தன. "ஓட இடமே இல்லம்மா. வெளியில ரோடு தெரியுதான்னு பாத்தேன்."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

இதை அன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை. இனியாவின் அப்பாவுக்கும் தெரியாமல் இருந்தது.

வன்னியில் எங்கள் பங்கருக்குள், அந்தப் பதுங்குகுழிக்குள், ஏழு பேர் இருந்தோம். பனங்குற்றி போட்டு, அம்மாவின் சேலைகளில் மண் நிரப்பி அடுக்கிய பங்கர். நிமிர்ந்து நிற்க முடியாது. பதினோராவது நாள். "அசையாதேங்கோ." அம்மா சொன்னது அது ஒன்றுதான். என் தங்கை சிந்துஜாவுக்கு ஏழு வயது. அவள் குதிகாலால் மண்சுவரை உதைத்துக்கொண்டே இருந்தாள். அம்மா அவள் கால்களைத் தன் மடியில் அழுத்திப் பிடித்திருப்பாள். அன்று மத்தியானம் ஷெல் நின்றது. இருபது நிமிடம் ஒரு சத்தமும் இல்லை. அம்மா அசதியில் கண்ணயர்ந்தாள். சிந்துஜா என் காதுக்குள் சொன்னாள்.

"அக்கா, ஒருக்கா ஓடிட்டு வாறன். கிணத்தடி மட்டும்."

"சரி. கெதியா வா" என்றேன்.

நான்தான் சொன்னேன். எனக்கும் கால் மரத்துப் போயிருந்தது. அவளாவது ஓடட்டும் என்று நினைத்தேன். அவள் ஓடும் சத்தம் கேட்டது. வெறுங்கால். சந்தோஷமான ஓட்டம். தூரத்தில் ஷெல் குத்தும் சத்தம். அங்கிருந்து புறப்படுகிற சத்தம். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு எண்ணுவதற்குள் விழுந்தது.

படியிலிருந்து எழுந்தேன். நேரே மாடிக்குப் போனேன். பந்தி மண்டபத்தில் மூட்டைகளைச் சுவரோரம் இழுக்க ஆரம்பித்தேன். செல்வி பின்னாலேயே வந்தாள்.

"என்ன பண்றீங்கக்கா?"

"உள்ள ஓட இடம் கொடுக்கலன்னா வெளியில ஓடுவாங்க செல்வி. பிடிங்க."

வாழைத்தார் தூக்கும் கை. பந்தி மேஜைகளை அவள் ஒருத்தியே தள்ளினாள். நாலு மணிக்குள் நடுவில் நீளமாக ஓர் இடம் கிடைத்தது. பிள்ளைகளைக் கூப்பிட்டோம். முதலில் சும்மா ஓடச் சொன்னேன். அந்தக் கோடிச் சுவரைத் தொட்டுவிட்டு வா. ஓடினார்கள். இருபத்து மூன்று பேரும் ஒரே நேரத்தில். கட்டடமே அதிர்ந்தது.

கீழேயிருந்து ஆட்கள் ஏறி வந்தார்கள். ஒருவர் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். மாத்திரையும் தண்ணீரோடு போயிருந்தது. "வீடு வாசல் போயி உக்காந்திருக்கோம். தலைக்கு மேல இடி மாதிரி குதிக்குதுங்க. இப்ப விளையாட்டு ஒண்ணுதான் கொறச்சலா?" என்றார்.

அவர் கேட்டது நியாயம்தான். செல்வி முன்னால் போனாள். "ஏங்க, என் புள்ள இப்பத்தான் தண்ணில நின்னுச்சு. இந்தக்கா இல்லன்னா இந்நேரம் நான் கரையோரமா தேடிக்கிட்டு அலைவேன். ஒரு மணி நேரம் பொறுத்துக்கங்க."

மண்டபத்து மேனேஜர் வரதன் அவருக்குப் பின்னால் நின்றிருந்தார். நெற்றியில் நாமம், நனைந்த வேட்டி. இரண்டு நாளாக எங்களோடு மாட்டிக்கொண்டவர். "குழந்தேள் ஆடட்டும். ஆனா கீழ முடியாதவாளும் படுத்திண்டிருக்கா. கொஞ்சம் இருங்கோ" என்றார். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு போனார். முகூர்த்தத்துக்கு விரிக்கும் ஜமக்காளங்களைத் தோளில் சுமந்து வந்தார். ஆறு ஜமக்காளம். இரட்டையாக மடித்து விரித்தோம். வழுக்காமலிருக்க ஓரங்களில் மேஜைக் கால்களை ஏற்றினோம். சத்தம் பாதியாகக் குறைந்தது.

நேரம் வைத்துக்கொண்டோம். காலை எட்டிலிருந்து ஒன்பது. பதினொன்றிலிருந்து பன்னிரண்டு. மாலை நாலிலிருந்து ஐந்து. வெறுங்கால். பந்து கூடாது. மாடிப்படிப் பக்கம் ஒரு பெரியவர் காவல். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் தலை எண்ணிக்கை.

வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நான் டீச்சர் இல்லை. ஜமக்காளத்தில் குறுக்கே கோடுகள் இருந்தன. சிவப்பும் நீலமும். அதைப் பார்த்ததும் கிளித்தட்டு ஞாபகம் வந்தது. எங்கள் ஊர் ஆட்டம். குறுக்குக் கோடு ஒவ்வொன்றிலும் ஒருவர் மறித்து நிற்பார். மற்றவர்கள் தொடுபடாமல் அத்தனை கோட்டையும் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். நடுக்கோட்டில் நீளவாக்கில் ஓடித் துரத்துபவர் கிளி. சொல்லிக் கொடுத்தேன். இரண்டே ஆட்டத்தில் பிடித்துக்கொண்டார்கள். ஹரிணி கிளியாக நின்றால் யாரும் தாண்ட முடியாது. அத்தனை வேகம்.

சின்னவர்களுக்கு மேஜைகளுக்கு அடியில் தவழும் பாதை. காலிச் சாம்பார் வாளியைத் தலையில் வைத்து நடக்கும் பந்தயம். பிரஷர் மாத்திரைக்காரர் புதன்கிழமை காலை தானாகவே மேலே வந்தார். நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "தொட்டுட்டான், தொட்டுட்டான், நான் பாத்தேன்" என்று தீர்ப்புச் சொன்னார். அன்று எந்தக் குழந்தையும் யாரையும் கடிக்கவில்லை. மத்தியானம் படகில் வந்த பொட்டலச் சோற்றை மிச்சம் வைக்காமல் தின்றார்கள். இனியா தூங்கும்போது கால்கள் அசையவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன். மாலை நாலு இருபது. ஆட்டம் நடக்கிறது. ஜன்னலில் வெள்ளை வெளிச்சம். உடனே இடி. பக்கத்துத் தென்னையில் விழுந்திருக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடி ஒன்று நொறுங்கி உள்ளே கொட்டியது.

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

நான் விழுந்துவிட்டேன். முகம் ஜமக்காளத்தில். கைகள் தலைக்கு மேல். ஒன்று. இரண்டு. மூன்று. எண்ணுகிறேன். ஜமக்காளத்தில் பாச்சை உருண்டை வாசனை. எனக்கு மண் வாசனை அடிக்கிறது. வாய்க்குள் மண் இருக்கிறது. எழும்ப முடியவில்லை. எத்தனை நேரம் என்று தெரியாது.

சிரிப்புச் சத்தம் கேட்டது.

தலையைத் திருப்பினேன். இருபத்து மூன்று பேரும் குப்புறப் படுத்திருந்தார்கள். நான் சொன்னதும் விழுந்திருக்கிறார்கள். ஆட்டத்தில் அதுவும் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். இனியா உருண்டு என்னருகே வந்தாள். "அம்மா, இன்னொரு தடவை சொல்லு. படுங்கோ சொல்லு."

செல்வி கண்ணாடித் துண்டுகளைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். துடைப்பத்தை வரதனிடம் கொடுத்துவிட்டு வந்து என் முதுகில் கை வைத்தாள்.

ஹரிணி நடுக்கோட்டில் போய் நின்றாள். எழுந்து ஓடச் சொன்னாள். ஓடினார்கள். "படுங்கோ!" என்று கத்தினாள். என் உச்சரிப்பு அப்படியே. எல்லோரும் விழுந்தார்கள். "எந்திரி!" என்றாள்.

எழுந்தார்கள். நான் எண்ணினேன். எல்லோரும் எழுந்தார்கள். மறுபடி விழுந்தார்கள். மறுபடி எழுந்தார்கள். ஐந்து மணிவரை அதுதான் ஆட்டம். நான் ஒவ்வொரு தடவையும் எண்ணினேன். அழுதுகொண்டே எண்ணினேன்.

வியாழன் மழை நின்றது. வெள்ளி காலை தண்ணீர் வடிந்தது. கணவர் முழங்கால் சேற்றில் நடந்து வந்து சேர்ந்தார். அன்று அவரிடம் சிந்துஜாவைப் பற்றிச் சொன்னேன். கிணற்றடியைப் பற்றியும் சொன்னேன். "சரி" என்று நான் சொன்னதையும் சொன்னேன். அவர் வெகுநேரம் என் கையை விடவில்லை.

சனிக்கிழமை வெள்ளச் சேதம் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். எங்கள் வீட்டு வாசல் சேற்றில் நின்றபடியே கேட்டார். "என்னென்ன போச்சு, சொல்லுங்க. உயிர்ச்சேதம் ஏதும் உண்டா?"

"இல்லீங்க" என்றேன். அவர் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அவர் எழுதாததையும் சேர்த்து நான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் இரண்டு வீட்டிலும் போனவை. அடுப்பு இரண்டு. மெத்தை ஒன்று. பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்கள் அத்தனையும். கணவரின் பெயிண்ட் டப்பாக்கள், பிரஷ்கள். என் கல்யாணப் படங்கள். செல்வியின் ஆடுகள் இரண்டு. கட்டிய கயிற்றிலேயே கிடந்தன.

மண்டபத்தில் ஏறிய குழந்தைகள் இருபத்து மூன்று. இறங்கியவர்கள் இருபத்து மூன்று.

பங்கரில் இறங்கியவர்கள் ஏழு. வெளியே வந்தவர்கள் ஆறு.

போனது ஒருத்தி. சிந்துஜா. ஏழு வயது. கிணற்றடிவரை ஓட ஆசைப்பட்டாள்.