ஐந்தாவது சாண்ட்விச்

எமரி: முழுசா சாப்பிடுங்கம்மா. பாதியில வெச்சா ராசியில்ல.

நெல்டா: இது சாண்ட்விச்சா, தலகாணியா? எந்தப் பக்கத்துலேர்ந்து கடிக்கறதுன்னே தெரியல.

எமரி: நல்லா அமுக்கிப் புடிங்க. ஆங்... அப்படித்தான். உள்ள ஹங்கேரி சாசேஜ், புளிச்ச முட்டகோஸ், மேல வறுத்த வெங்காயம். அதுக்குப் பேரு டேசன் ஹூபர்.

நெல்டா: ...என்னது?

எமரி: சாண்ட்விச்சோட பேரும்மா. செவுத்துல பலகையப் பாருங்க. பெயிண்ட் இன்னும் காயல.

நெல்டா: யாரு அது, உங்க பையனா?

எமரி: எங்க ஊருக்கே பையன். டொலிடோவுக்கு வந்து டேசன் ஹூபர் யாருன்னு கேக்கறீங்களே. எந்த ஊரும்மா நீங்க?

நெல்டா: ஓக்லஹோமா. ஒரு வேலையா வந்தேன். எனக்கு இந்த ஆட்டமெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க.

எமரி: ஓக்லஹோமாவுல இருந்துக்கிட்டா? அங்க கோழி கூட ஃபுட்பால் ஆடும்பாங்க.

நெல்டா: நான் கோழி வளக்கல. நீங்க சொல்லுங்க, யாரு அவன்?

எமரி: எதுத்தாப்புல ஸ்டேடியம் தெரியுதா? எங்க ஹெரன்ஸ் டீமோடது. போன வருஷம் லீக்குலயே கடேசி நாங்கதான். அதுக்கு முந்தின வருஷமும் நாங்கதான்.

நெல்டா: இத இவ்வளவு பெருமையாவா சொல்லுவாங்க?

எமரி: பின்ன? நடுவுல நிக்கறவன யாரு திரும்பிப் பாக்கறா? காலேஜ் முடிச்சு வர்ற பசங்கள டீமுங்க வரிசையா எடுக்கும். அதுல மொத ஆள எடுக்கற உரிமை கடேசியா வந்த டீமுக்குத்தான். நாளைக்கு சாயங்காலம் மொதப் பேரா அவன் பேரப் படிப்பாங்க. குவார்ட்டர்பேக்மா... நம்ம ஃபுட்பால்ல கையால பந்து எறியறவன். நாட்டுலயே அவன மாதிரி எறிய ஆள் கெடையாது.

நெல்டா: அவன எடுத்துட்டா ஜெயிச்சிடுவீங்களா?

எமரி: சர்ச்சுக்குப் போறவன்கிட்ட, சாமி வந்துடுமான்னு கேப்பீங்களா?

நெல்டா: அந்தப் பலகை ஏன் மேடு மேடா இருக்கு? அடியில வேற என்னமோ எழுதியிருக்கா?

எமரி: பழைய பேருங்க. புது ஆள் வந்தா புது சாண்ட்விச். போய்ட்டான்னா கறுப்பு அடிச்சு மூடிடுவோம். இவன் அஞ்சாவது.

நெல்டா: மத்த நாலு பேரும் எங்க போனாங்க?

எமரி: ...காபி ஊத்தவா?

நெல்டா: ஊத்துங்க. ஊத்திக்கிட்டே சொல்லுங்க.

எமரி: மொதல்ல கிளின்ட் மெரிட். பன்னிக்கறி, ஆப்பிள் சட்னி. தோள்பட்ட எறங்கிடுச்சு. அடிபட்டவங்கள ஏத்திட்டுப் போக மைதானத்துக்குள்ள ஒரு சின்ன வண்டி வரும்மா. அதுல படுத்துக்கிட்டு, எறிஞ்ச பந்த புடிச்சிட்டானா, புடிச்சிட்டானான்னு கேட்டுக்கிட்டே போனான்.

நெல்டா: புடிச்சாங்களா?

எமரி: இல்ல. புடிச்சிட்டான், நிம்மதியாப் படுன்னு சொன்னோ... சொன்னாங்களாம்.

நெல்டா: ம்ம். ரெண்டாவது?

எமரி: முட்டி. அவன் ஒண்ணுமே பேசல. மழை பெஞ்சுது, மல்லாந்து படுத்திருக்கான், கண்ணக் கூட மூடல. மூஞ்சில தண்ணி கொட்டிக்கிட்டே இருக்கு.

நெல்டா: மூணாவது?

எமரி: அவன் அம்மாவக் கூப்ட்டான். என்னம்மா, கீழ வெச்சுட்டீங்க? சாப்பிடுங்க, ஆறிடப்போகுது.

நெல்டா: இதெல்லாம் அவ்வளவு தூரத்துலேர்ந்து உங்க காதுல எப்படி விழுந்துச்சு?

எமரி: ஊர்ல பேசிப்பாங்க. பார் நடத்தறவன் காதுக்கு வராதது உண்டா?

நெல்டா: ஸ்டேடியத்துக்கு எதுத்தாப்புல பார். ஞாயித்துக்கிழமை மதியம் கடை இல்லன்னு கதவுல எழுதியிருக்கீங்க. ஆட்டமே ஞாயித்துக்கிழமை மதியம்தானே? கூட்டம் அலமோதற நேரத்துல எவனாவது கடைய மூடுவானா?

எமரி: ஆட்டத்தப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னீங்க. நாள் கெழமையெல்லாம் தெரியுது.

நெல்டா: நான் கேட்டதுக்குப் பதில்?

எமரி: எனக்கு அன்னிக்கு வேற சோலி இருக்கும்மா. விடுங்க.

நெல்டா: சரி, விட்டேன். இன்னொண்ணு கேக்கறேன். நாலு பேரும் விழுந்தாங்களே, அவங்களுக்கு முன்னாடி சுவரு மாதிரி நின்னு காக்க வேண்டியவங்க என்ன பண்ணிட்டிருந்தாங்க?

எமரி: எங்க லைன்மேனுங்களா? அவங்களும் மனுசங்கதானே. எதிராளி ஓடி வந்தா ஒதுங்கி வழி விட்டுடுவாங்க. மரியாத தெரிஞ்ச பசங்க.

நெல்டா: சிரிக்காதீங்கண்ணே. வேலி இல்லாத காட்டுல கன்னு நட்டீங்க, ஆடு மேஞ்சுது. மறுபடி நட்டீங்க, மறுபடி மேஞ்சுது. நாலு தடவ ஆச்சு. இப்ப அஞ்சாவது கன்னு வாங்க சந்தைக்குக் கெளம்பிட்டீங்க. வேலி போடணும்னு இந்த ஊர்ல ஒருத்தருக்குமா தோணல?

எமரி: வேலியப் பாக்க யாரும்மா டிக்கெட் வாங்குவா? எறியறவன் பேரு போட்ட சட்டையத்தான் பசங்க போட்டுப்பாங்க. லைன்மேன் பேரு அவன் பொண்டாட்டிக்குத்தான் தெரியும்.

நெல்டா: அப்ப தோத்துக்கிட்டே இருங்க.

எமரி: இருப்போம். பனி கொட்டறப்ப, நாலு பக்கமும் உதை வாங்கறப்ப, ஒரு சீட்டு காலி இருக்காது எங்க ஸ்டேடியத்துல. ஜெயிக்கற டீமுக்குக் கை தட்ட எவனாலயும் முடியும். எங்கள மாதிரி உக்காந்து காட்டச் சொல்லுங்க பாப்போம்.

நெல்டா: உக்காந்திருக்கறது நீங்க. உள்ள ஒடையறது யாரோ பெத்த புள்ளங்க.

எமரி: ...ஒரு தடவ வேலிக்குன்னே ஆள எடுத்தாங்கம்மா. பொய் சொல்லல. மொத ஆளா ஒரு லைன்மேன். பேர அறிவிச்ச அன்னிக்கு ஊரே ஊளையிட்டுச்சு. ரேடியோவுல திட்டு, மேனேஜர் வீட்டு வாசல்ல குப்ப. ரெண்டே வருஷத்துல அந்தப் பையன வேற டீமுக்குத் தள்ளி விட்டாங்க. போன டீம்ல அவன் சாம்பியன் மோதிரம் போட்டுக்கிட்டான். அன்னிலேர்ந்து எந்த மேனேஜருக்கும் தைரியம் வரல.

நெல்டா: இப்ப இருக்கற மேனேஜருக்கு?

எமரி: இங்கதான் வந்து சூப் குடிப்பாரு. அவரு மனசுல வேற பேரு. ஆனா ஊருக்குப் பயந்து டேசன் பேரத்தான் படிப்பாரு.

நெல்டா: சிமோனி பேருதானே அவரு மனசுல?

எமரி: அட. சிமோனியத் தெரியுமா உங்களுக்கு?

நெல்டா: பேப்பர்ல படிச்சேன். டேசனோட காலேஜ்லதான் ஆடறான். டோங்கா தீவுக்காரங்க வீட்டுப் புள்ள, கதவு நெலையில குனிஞ்சுதான் நொழைவான். மூணு வருஷமா டேசன எவனும் தொடல. எறியறவனப் புகழ்றாங்களே... அவன் முன்னாடி இவன் நின்னதாலதான் அவனுக்கு நிதானமாப் பாத்து எறிய நேரம் கெடச்சுது. சிமோனி கணுக்கால் பெசகி ஒரு ஆட்டம் வெளிய உக்காந்தான், அன்னிக்கு மட்டும் டேசன் ஏழு தடவ கீழ விழுந்தான். இன்னொண்ணு, டேசன் பந்த கையில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் யோசிப்பான். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான், எதையும் சீக்கிரம் விட மாட்டான். உங்க டீமுல அவன் யோசிச்சு முடிக்கறதுக்குள்ள மண்ணக் கவ்வியிருப்பான்.

எமரி: அடேங்கப்பா. பேப்பர்ல இவ்வளவும் போட்டிருந்தாங்களா?

நெல்டா: சிமோனிய எடுங்கண்ணே. தங்கமான புள்ள. ஒரு வேளைக்கு ஒரு முழுக் கோழி சாப்பிடுவான், சாப்பிட்டுத் தட்டக் கழுவித் தொடச்சு வெச்சுட்டுத்தான் போவான்.

எமரி: தட்டு கழுவறதையும் பேப்பர்ல போட்டுட்டாங்க. போன் அடிக்குது பாருங்க உங்க பையில. ரொம்ப நேரமா அடிக்குது. எடுங்க, பையனாத்தான் இருக்கும்.

நெல்டா: எந்தப் பையன்?

எமரி: வருஷம் பூரா டிவில காட்டினாங்களேம்மா. மஞ்சத் தொப்பி, கையில ஜெபமாலை, பையன் எறியறப்பல்லாம் கண்ண மூடிப்பீங்க. இன்னிக்குத் தொப்பி இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம். கதவத் தெறந்தப்பவே தெரிஞ்சுது.

நெல்டா: தெரிஞ்சுக்கிட்டேதான் அந்த சாண்ட்விச்சக் கொண்டாந்து வெச்சீங்களா?

எமரி: பின்ன, அவன் அம்மாவுக்கு சாலடா குடுப்பேன்? ஊரு சாப்பாடு புடிச்சுதுன்னா பையன சந்தோஷமா அனுப்புவீங்கன்னு பாத்தேன்.

நெல்டா: கள்ளன்யா நீங்க.

எமரி: ஆட்டமே தெரியாதுன்னவங்க சொல்றாங்க.

நெல்டா: இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள உங்க மேனேஜர் அவனக் கேப்பாராம், நாளைக்கு உன் பேரப் படிக்கலாமான்னு. சரின்னு சொல்லக் காத்துக்கிட்டிருக்கான். நான் வேண்டாங்கறேன். நீ மாட்டேன்னு சொன்னா பழி உன் மேல போவும், அவரு தைரியமா சிமோனிய எடுப்பாரு, வரிசையில அடுத்து நிக்கற டீம் உன்ன எடுத்துக்கும்னு படிச்சுப் படிச்சு சொல்லிட்டேன். கேக்க மாட்டேங்கறான். உடம்பு சரியில்லன்னு பொய் சொல்லிட்டு ஊரப் பாக்க வந்தேன். பாத்தேன். நல்ல ஊருதான். ஆனா என் புள்ளைய இந்த ஊருக்குக் குடுக்க மாட்டேன்.

எமரி: மறுபடி அடிக்குதும்மா.

நெல்டா: ஸ்பீக்கர்ல போடறேன். நீங்களே கேளுங்க... டேசன்?

டேசன்: எங்கம்மா இருக்க? ஹோட்டல்ல இல்ல, வீட்டுலயும் இல்ல. உடம்புக்கு என்ன?

நெல்டா: உடம்புக்கு ஒண்ணுமில்ல. டொலிடோவுல இருக்கேன்.

டேசன்: ...அங்க என்ன பண்ற?

நெல்டா: உன்னத்தான் தின்னுக்கிட்டிருக்கேன். உன் பேர்ல சாண்ட்விச் போட்டுருக்காங்க. முட்டகோஸ் கொஞ்சம் தூக்கல்.

டேசன்: பாத்தியா? அவ்வளவு நம்பறாங்கம்மா என்ன. மேனேஜர் இப்பக் கூப்பிடுவாரு, நான் சரின்னு சொல்லத்தான் போறேன். மொதப் பேரா கூப்பிட்டு மாட்டேன்னு சொன்னவன்னு காலம் பூரா பேரு வேணுமா எனக்கு?

நெல்டா: உனக்கு முன்னாடி வந்த நாலு பேருக்கு என்ன ஆச்சுன்னு தெரியுமா?

டேசன்: தெரியும். நான் அவங்க மாதிரி இல்ல.

நெல்டா: அவங்களும் இதையேதான் சொல்லியிருப்பாங்க. இரு. இங்க கடைக்காரர் இருக்காரு, எமரின்னு, ஊருக்காரர். உன் பேரப் பலகையில எழுதினவர். அண்ணே, நீங்க சொல்லுங்க. எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டு, அவன வான்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நான் அதுக்கு மேல பேசல.

எமரி: என்ன எதுக்கும்மா இழுக்கறீங்க...

நெல்டா: சொல்லுங்க.

எமரி: தம்பி. நாப்பது வருஷமா ஒரு கோப்பைய இந்த ஊரு கண்ணுல பாத்ததில்ல. உன்ன மாதிரி ஒருத்தன் எறிஞ்சு நானும் பாத்ததில்ல. காலையில உன் பேர ரெண்டு தடவ பெயிண்ட் பூசி எழுதினேன்.

டேசன்: கேட்டியாம்மா?

எமரி: வராத.

டேசன்: ...என்ன சொன்னீங்க?

எமரி: வராதன்னேன். எங்க சுவரு ஓட்ட. மொதல்ல சிமோனி வந்து நிக்கட்டும். மேனேஜர் கேட்டா மாட்டேன்னு சொல்லு.

டேசன்: ஊரே என்னக் கோழைன்னு சொல்லும்.

எமரி: சொல்லும். நானே சொல்லுவேன், இதே கவுண்டர்ல நின்னு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி. அடுத்த வருஷம் நீ வேற சட்டையில இங்க ஆட வர்றப்ப ஊளையிடுவோம் பாரு, உன் காது ஜவ்வு கிழியும். ரெண்டு கால்ல நின்னு கேட்டுக்க.

டேசன்: போன வருஷம் ஆடினவர் நல்லாத்தானே இருக்காரு? தலையில சின்ன அடிதான்னு டீம்ல சொன்னாங்க.

எமரி: இது எந்த ஊருன்னு என்னக் கேட்டான். டொலிடோன்னேன். கொஞ்ச தூரம் போனதும் திரும்பக் கேட்டான், இது எந்த ஊருன்னு. உள்ள போய்ச் சேர்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே வந்தான்.

நெல்டா: உங்களக் கேட்டானா... அண்ணே?

டேசன்: இருங்க. சாண்ட்விச் போடறவர் நீங்க. அவரு உங்ககிட்ட எப்படிக் கேட்டாரு? நீங்க யாரு இதெல்லாம் எனக்குச் சொல்ல?

எமரி: சாண்ட்விச் போடறது மத்த நாள்ல. ஞாயித்துக்கிழமை கடைய மூடிட்டு மைதானத்துக்குள்ள அந்த வண்டிய ஓட்டறது நான்தான். நாலு பேர ஏத்தியாச்சு தம்பி. உன்ன ஏத்த மாட்டேன்.