முடிவை வெளியே சொல்லாதீர்கள்

மாலை ஐந்தேகால். கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தின் எதிர்ச்சுவரில் ஒருவர் மர்மப்பட போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இரு பெண்களில் இளையவள் அதைப் பார்த்துச் சொன்னாள்:

“கொலைகாரன் யாருன்னு எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும் அக்கா. சொல்லாமலே போயிட்டாரு.”

“எந்தக் கொலை?”

“இதே டைரக்டரோட பழைய படம். இவ அப்ப கைக்குழந்தை. மடியில கிடந்து அழுதா, நான் பாதியில வெளிய வந்துட்டேன். கடைசியில ‘முடிவை வெளியே சொல்லாதீர்கள்’னு எழுத்துப் போட்டானாம். அதனால எனக்கும் சொல்லலை.”

“நல்ல ஆளு. மறுபடி போய்ப் பாக்கதுக்கென்ன?”

“அந்த டைரக்டரு படத்துக்கு இங்க ஆளு வராதுல்லா. மூணாம் நாளே தூக்கிட்டாங்க. மறுநாள் இவரு துபாய்க்குப் போயாச்சு. வந்து சொல்லுதேன்னாரு.”

“நான் அதப் பாத்திருக்கேன், கேட்டியா. அந்த மந்திரியோட...”

“வேண்டாம் அக்கா. அவரே வந்து சொல்லட்டும்.”

பஸ் வந்தது. இளையவளின் மகள் பள்ளிச் சீருடையில் முதலில் ஏறி, அம்மாவுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்தாள்.